பத்து நிமிஷத்தில் வந்துவிடும்

1. எல்.சி. என் பேரில்

கரண்ட் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். ஹெல்ப்பராகச் சேர்ந்து, வயர்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனேன். இத்தனை வருஷத்தில் பொதுஜனத்திடம் திட்டு வாங்காத நாள் எது என்று யோசித்தால் ஞாயிற்றுக்கிழமைகூடத் தேறாது. ஆனால் என் சட்டையை ஒருவர் பிடித்தது ஒரே ஒரு தடவைதான். “அந்தச் சட்டையைப் பிடிச்ச கதையை எழுதுங்கண்ணே, தமாஷா இருக்கும்” என்று இப்போது வேலையில் இருக்கும் தம்பிமார்கள் கேட்டார்கள். தமாஷாக இருக்காது. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

எர்ணாவூர் பக்கம் எங்கள் செக்‌ஷன். நான் ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்பு நடந்தது இது. அன்று மாதாந்திர மெயின்டனன்ஸ். காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டாயிற்று.

மற்ற ஊர்களில் மெயின்டனன்ஸ் என்றால் பெரும்பாலும் மரக்கிளை வெட்டுவது. எங்கள் பக்கம் மரம் எங்கே இருக்கிறது? இங்கே வேலையே இன்சுலேட்டர் துடைப்பதுதான். கடல் காற்றில் வரும் உப்பும், எங்கிருந்தெல்லாமோ பறந்து வரும் சாம்பலும், டிரெய்லர் கிளப்புகிற தூசியும் சேர்ந்து கம்பத்து மேலே இருக்கிற பீங்கானில் அடை மாதிரி ஒட்டிக்கொள்ளும். மழைத் தூறல் பட்டால் போதும், படபடவென்று பொறி பறந்து, ஏரியாவுக்கே கரண்ட் கொண்டுவருகிற ஃபீடர் லைனே டிரிப் ஆகிவிடும். அதனால் மாசம் ஒரு தடவை ஆளை ஏற்றித் துடைக்க வேண்டும்.

லைனில் ஆள் ஏறுவதற்கு முன்னால் சப்ஸ்டேஷனில் எல்.சி. வாங்க வேண்டும். லைன் கிளியர். இந்த ஃபீடரை ஆஃப் பண்ணியாயிற்று, நான் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் யாரும் சார்ஜ் பண்ணக் கூடாது என்று என் பேரில் எழுதி வாங்குகிற சீட்டு. வாங்கினவன்தான் திருப்பித் தர முடியும். எவ்வளவு பெரிய ஆள் போன் பண்ணினாலும் சப்ஸ்டேஷன்காரர் என் குரல் கேட்காமல் சுவிட்சில் கை வைக்க மாட்டார். எல்.சி. வாங்கினவன் ஸ்பாட்டை விட்டு நகரவும் கூடாது. மேலே நிற்கிறவனின் உயிர் அவன் சட்டைப் பையில் இருக்கிறது.

அன்று எல்.சி. என் பேரில் இருந்தது. ஒன்றே முக்காலுக்கு வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். கடைசிக் கம்பத்தில் ஏறிய வயர்மேன் தேவராஜ் மேலே இருந்து கத்தினார்.

“அண்ணே, கிராஸ் ஆர்ம் அப்பளமா இருக்குண்ணே. கையை வெச்சா உதிருது.”

கம்பத்தின் மேலே குறுக்கே போகிற இரும்புச் சட்டம்தான் கிராஸ் ஆர்ம். உப்புக் காற்றில் அரித்துப் போயிருந்தது. அப்படியே விட்டு சார்ஜ் பண்ணினால் இன்றோ நாளையோ கம்பி கீழே விழும். கீழே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போகிற வழி. மாற்றியே ஆக வேண்டும். ஸ்டோரிலிருந்து புதுச் சட்டம் வர வேண்டும், இரண்டு பக்கத்துக் கம்பியையும் இணைக்கிற ஜம்பரை வெட்ட வேண்டும், கம்பியை இறக்கிக் கட்ட வேண்டும். குறைந்தது இரண்டு மணி நேர வேலை. அது எனக்கு ஒன்றே முக்காலுக்கே தெரியும். இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

2. மூன்று போன்

ஷட்டவுன் நாளில் செக்‌ஷன் மொபைல் லைன் இன்ஸ்பெக்டர் பையில் இருக்கும். இரண்டு மணி ஆனதும் அது அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரே கேள்வி. நான் சொன்னதும் ஒரே பதில்.

“பத்து நிமிஷத்துல வந்துடும்.”

இந்த வார்த்தையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தொற்றிக்கொண்டது. உண்மையைச் சொன்னால் ஜனங்கள் வாதம் பண்ணுவார்கள். பேப்பரில் இரண்டு மணி என்றுதானே போட்டாய், எங்கள் வீட்டில் மோட்டார் போடவில்லையே, உன் மேலதிகாரி நம்பர் கொடு என்று கால் மணி நேரம் பிடித்துக்கொள்வார்கள். பத்து நிமிஷம் என்று சொன்னால் “சரிப்பா” என்று வைத்துவிடுவார்கள். பத்து நிமிஷம் கழித்து வேறு யாராவது எடுத்து வேறொரு பத்து நிமிஷம் சொல்வார்கள். இது பொய் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. கதவைத் திறந்தால் வணக்கம் சொல்வது மாதிரி ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

இரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் பேசினார்.

“சார், டி பிளாக்குலேர்ந்து பேசுறேன். கரண்ட்டு எப்ப சார் வரும்?”

“பத்து நிமிஷத்துல வந்துடும்மா.”

“தேங்க்ஸ் சார்.”

திட்டவில்லை. நன்றி சொன்னார். அன்று வந்த போன்களில் நன்றி சொன்னது அவர் ஒருவர்தான். அதனால்தான் குரல் மனதில் நின்றது.

இரண்டரைக்கு அதே குரல். “சார், டி பிளாக்கு. அப்பவே பத்து நிமிஷம்னியே சார்.”

“வேலை முடிஞ்சிடுச்சும்மா. ஆளுங்க எறங்கினு இருக்காங்க. பத்து நிமிஷம்.”

ஒருவரும் இறங்கவில்லை. தேவராஜ் அப்போதுதான் ஜம்பரை வெட்டிக்கொண்டிருந்தார். புதுச் சட்டம் ஏற்றிய வண்டி டிரெய்லர் வரிசையில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு மூன்றாவது தடவை. “சார், பாப்பாவுக்கு...”

“வந்துடும்மா, வந்துடும். பத்து நிமிஷம்” என்று சொல்லிக் கட் பண்ணினேன். அதே நேரத்தில் இன்னொரு போன் வந்துகொண்டிருந்தது. பாப்பாவுக்கு என்ன என்று கேட்கவில்லை. சோறு வடிக்க வேண்டும், பால் காய்ச்ச வேண்டும் என்று ஏதோ இருக்கும் என்று நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்றுமே நினைக்கவில்லை. வெயில், பசி, போன். இவ்வளவுதான் மனசில் இருந்தது.

3. சட்டை

மூன்றேகால் இருக்கும். ஒரு பைக் வந்து ஸ்டாண்டு போடாமலேயே கீழே சாய்ந்தது. அதிலிருந்து குதித்தவருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயசு. மேலே துறைமுக வேலைக்காரர்கள் போடுகிற பளபளப்புப் பட்டை வைத்த ஆரஞ்சுச் சட்டை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“எவன்யா இங்க இன்சார்ஜி?”

“நான்தான். என்னப்பா?”

அவ்வளவுதான், சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். மேல் பட்டன் இரண்டும் தெறித்தன.

“இன்னாயா புடுங்கினு கீறீங்க காலைலேர்ந்து? கரண்ட்ட வுடுயா! இப்ப வுடு!”

மேலேயிருந்து தேவராஜ், “யோவ், கையை எட்றா! அண்ணே, நான் எறங்கி வரட்டா?” என்று கத்தினார்.

“நீ அங்கயே நில்லு” என்றேன். கோபக்காரர்களை எனக்குப் பழக்கம். ஆனால் இவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே கம்பத்தையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அதனால் கையைத் தட்டிவிடாமல், “என்னன்னு சொல்லு” என்றேன்.

சட்டையை விட்டார். விட்டதும் குரலும் இறங்கிவிட்டது.

“பாப்பாவுக்கு வீசிங் சார். மூச்சு வுட முடியல. வூட்ல மிசினு கீது, மருந்து கீது, கரண்ட்டுதான் இல்ல. ஒரு பத்து நிமிஷம் வுடு சார். மிசினு வெச்ச ஒடனே ஆஃப் பண்ணிக்கோ. ஒன் கால்ல வுழுறேன்.”

அவர் பேர் பாஸ்கர். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கப்பலோடு இறுக்கிக் கட்டுகிற லாஷிங் வேலை. மனைவி சுமதி போன் பண்ணி அழ, பாதி ஷிஃப்டில் சொல்லாமல் கிளம்பி, டிரெய்லர்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து வந்திருக்கிறார். வீடு டி பிளாக்.

டி பிளாக் என்றதும் மூன்று தடவை போனில் கேட்ட குரல் எனக்கு ஞாபகம் வந்தது.

“ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாம்ல?” என்று கேட்டேன்.

“அப்பவே போயிருப்பா சார். கரண்ட் ஆபீஸ்ல எவனோ பத்து நிமிஷம், பத்து நிமிஷம்னு சொல்லிகினே கீறான். இந்த ரோட்டுல ஆட்டோ புடிச்சுப் போவ முக்கா மணி ஆவும். கரண்ட்டு வந்துடும், மிசினே வெச்சிடலாம்னு குந்தினு கீறா.”

நான் அவரிடம் அந்த எவனோ நான்தான் என்று சொல்லவில்லை.

கரண்ட் கொடுக்க முடியுமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசிக்கவே ஒன்றும் இல்லை. மேலே ஆள் நிற்கிறான். ஜம்பர் வெட்டிக் கிடக்கிறது. எல்லோரையும் இறக்கி, தப்பித்தவறி வருகிற கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடுகிற எர்த் ராடைக் கழற்றி, எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்து சார்ஜ் பண்ணினாலும் வெட்டின ஜம்பருக்கு அந்தப் பக்கம் இருக்கிற டி பிளாக்குக்கு ஒரு சொட்டுக் கரண்ட் போகாது.

“முடியாதுப்பா” என்றேன். பாஸ்கர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரண்டைப் பிள்ளையிடம் கொண்டுபோக முடியாது. பிள்ளையைக் கரண்டிடம் கொண்டுபோகலாமே. மெயின் ரோட்டுக்கு மேற்குப் பக்கம் வேறு சப்ஸ்டேஷன், வேறு ஃபீடர். அந்தப் பக்கம் காலையிலிருந்து கரண்ட் இருக்கிறது. ரோட்டைத் தாண்டினால் இரண்டாவது கடை அண்ணாச்சி மளிகை. அந்த மீட்டரை வைத்தவனே நான்தான். குடியிருக்கிற ஜனங்களுக்கு எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரியாது. அவர்களுக்குக் கரண்ட் இல்லை என்றால் ஊருக்கே இல்லை.

தேவராஜைக் கீழே இறங்கச் சொன்னேன். அடுத்த கம்பத்தில் இருந்த இருவரையும் இறக்கினேன். “நான் வர்ற வரைக்கும் எவனும் ஏறக் கூடாது, எர்த் ராடைத் தொடக் கூடாது” என்றேன். செக்‌ஷன் மொபைலைத் தேவராஜிடம் கொடுத்தேன்.

“போன் வந்தா நாலரைக்கு மேல ஆகும்னு சொல்லு.”

“நாலரைன்னா திட்டுவாங்கண்ணே.”

“திட்டட்டும்.”

4. மூன்றாவது மாடி

நானும் பாஸ்கரும் டி பிளாக்குக்குப் போய் மூன்று மாடி ஏறினோம். எனக்கு மூட்டு வலி. அன்று வலித்ததாக ஞாபகம் இல்லை.

கதவு திறந்தே இருந்தது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். சுவர் ஓரமாகச் சுமதி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏழு வயசுப் பெண் பிள்ளை. பேர் யாழினி என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவுக்கு, மருந்தைப் புகையாக்கித் தருகிற அந்த மெஷின். பிளக் சுவரில் மாட்டியிருக்கிறது. சுவிட்ச் போட்டிருக்கிறது. கப்பில் மருந்து ஊற்றியிருக்கிறது. மாஸ்க்கைப் பிள்ளை முகத்துக்குப் பக்கத்தில் கையில் பிடித்தபடி இருந்தாள். கரண்ட் வந்த நொடியில் ஒரு மூச்சுகூட வீணாகக் கூடாது என்று அப்படியே ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாள்.

பிள்ளை இரண்டு கையையும் தன் முட்டியில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுத்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் விலா எலும்புக்கு நடுவில் குழி விழுந்தது. உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது. அழவில்லை. அழுவதற்கு மூச்சு வேண்டுமே.

“பம்ப்பு இல்லையா?” என்று கேட்டேன். என் மச்சானுக்கு வீசிங் உண்டு, அதனால் வாயில் வைத்து அடிக்கிற அந்த மருந்து பம்ப் தெரியும்.

“தீந்துட்சு சார். மிசினு கீதேன்னு வாங்கல” என்றாள்.

“வாங்கம்மா, இங்க கரண்ட்டு வராது. எதிர்ப் பக்கம் இருக்கு. மெஷினை எடுங்க.”

அவள் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு பிளக்கைப் பிடுங்கினாள்.

பிள்ளையை நான் தூக்கிக்கொண்டேன். பாஸ்கர் படியைப் பார்க்காமல் பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவரை நம்பிப் படியில் பிள்ளையைக் கொடுக்க முடியாது. மருந்து சிந்தாமல் கப்பைக் கையால் மூடிக்கொண்டு சுமதி, மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாஸ்கர், முன்னால் நான். தோளில் அந்தப் பிள்ளையின் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டதை நான் காதால் கேட்கவில்லை, என் உடம்பால் கேட்டேன்.

ரோட்டில் டிரெய்லர்கள் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. காக்கிச் சட்டை, தெறித்த பட்டன், தோளில் பிள்ளை. ஒரு கையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நடந்துவிட்டேன். ஹாரன் அடிக்கக் கையைக் கொண்டுபோன ஒரு டிரைவர், பிள்ளையைப் பார்த்ததும் இன்ஜினையே ஆஃப் பண்ணினார்.

அண்ணாச்சி திசையன்விளைக்காரர். ஐம்பது வருஷமாக இங்கே இருந்தும் பேச்சு மாறவில்லை. நாங்கள் கடைக்குள் புகுந்ததும், “என்ன வே, என்ன ஆச்சு பிள்ளைக்கு?” என்று கல்லாவிலிருந்து எழுந்தார்.

“பிளக் பாயிண்ட் வேணும் அண்ணாச்சி.”

இருந்த ஒரே பாயிண்டில் ஐஸ்கிரீம் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவரே பிடுங்கினார். “அது உருகுனா உருகட்டும், நீங்க மாட்டுங்க” என்று பல்லாரி வெங்காய மூட்டையை இழுத்துப்போட்டு, “ஏ தாயி, இதுல உக்காரு” என்றார்.

மெஷின் கர்ரென்று ஓட ஆரம்பித்தது. மாஸ்க்கில் வெள்ளையாகப் புகை வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ ஊருக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறேன். புயலுக்குப் பிறகு ஏழாவது நாள் லைட் எரிந்ததும் ஜனங்கள் கை தட்டியதைப் பார்த்திருக்கிறேன். கரண்ட் என்றால் என்ன என்று அன்றைக்கு அந்த மளிகைக் கடையில்தான் பார்த்தேன்.

“இழு கண்ணு, மெதுவா இழு. அம்மா கீறேன் பாரு. வாயால வுடு” என்று சுமதி சொல்லிக்கொண்டே இருந்தாள். பாஸ்கர் கடை வாசலில் நின்று உள்ளே பார்க்காமல் ரோட்டைப் பார்த்து அழுதார். மருந்து தீர்கிற வரைக்கும் யாரும் கடையில் சாமான் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மருந்து முடிந்ததும் பிள்ளை, “அம்மா, தண்ணி” என்றது. பேச்சு வந்துவிட்டது. ஆனால் விலாவில் குழி விழுவது நிற்கவில்லை.

“சரியாயிட்ச்சு, வூட்டுக்குப் போலாமா?” என்று பாஸ்கர் கேட்டார்.

“போகக் கூடாது. இப்பவே ஆஸ்பத்திரி” என்றேன். எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் தற்காலிகமாக முறுக்கிவிட்ட கம்பியை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது என்பது தெரியும். அண்ணாச்சி ரோட்டில் இறங்கி ஓர் ஆட்டோவை ஏறக்குறைய மறித்தே நிறுத்தினார். மூன்று பேரும் ஏறினார்கள். சுமதி காலில் செருப்பு இல்லை என்பதை ஆட்டோ நகர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

திரும்பி வந்தபோது ஆட்கள் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். தேவராஜ் போனை என்னிடம் நீட்டினார்.

“கெட்ட கெட்ட வார்த்தைல திட்டுறாங்கண்ணே. ஒருத்தர் மட்டும், ‘நாலரையா, அப்ப நான் மாமியார் வூட்டுக்குப் போயி சமைச்சுக்கறேன்’னு சொல்லிட்டு வெச்சிட்டாங்க.”

நாலு ஐம்பதுக்குச் சார்ஜ் பண்ணினோம்.

5. ஆஸ்பத்திரி

சட்டையில் இரண்டு ஊக்கு குத்திக்கொண்டு ஆறு மணிக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தைகள் வார்டில் யாழினி ஆக்சிஜன் மாஸ்க்கோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஊசி போட்டு, மூன்று தடவை மருந்துப் புகை வைத்திருந்தார்கள். உதடு பிள்ளையின் உதடாக ஆகியிருந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். அவருக்கும் காலையிலிருந்து சோறு இறங்கியிருக்காது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே சுமதியைக் கேட்டார்.

“ரெண்டு மணிக்கே இழுப்பு வந்திருக்கு. ஏம்மா அவ்ளோ நேரம் வெச்சுக்கிட்டு இருந்தீங்க? இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா ட்யூப் போடற நிலைமைக்குப் போயிருக்கும்.”

சுமதி தலையைக் குனிந்துகொண்டாள். “கரண்ட்டு வந்துடும்னாங்க மேடம்.”

“கரண்டை நம்பியா உக்காருவீங்க? பம்ப்பும் அதை மாட்டி இழுக்கிற ஸ்பேசரும் வீட்ல எப்பவும் இருக்கணும். அதுக்குக் கரண்டே வேணாம். பம்ப் அடிச்சுக்கிட்டே கிளம்பி வரணும். மெஷினுக்காகக் காத்திருக்கக் கூடாது.”

“தப்புதான் மேடம்” என்றாள் சுமதி. இரண்டு மணிக்கு எனக்கு நன்றி சொன்ன அதே குரல். செய்யாத தப்பை அவள் ஒப்புக்கொண்டாள். செய்த நான் ஒரு கஜம் தள்ளி நின்றிருந்தேன்.

பாஸ்கர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “மேடம், இந்த சார்தான் மேடம் பாப்பாவைத் தூக்கினு ஓடியாந்தாரு. இவர் இல்லேன்னா... அய்யோ சார், ஒன் சட்டையைப் போயி...” என்று மறுபடி அழ ஆரம்பித்தார். டாக்டர் என்னைப் பார்த்து, “நல்ல காரியம் பண்ணீங்க சார்” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக நான் இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

6. மெமோ

எல்.சி. கையில் இருக்கும்போது ஸ்பாட்டை விட்டுப் போனதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதை அனுப்பிய எங்கள் இன்ஜினியர், ஏ.இ. மேடத்தைக் குறை சொல்ல மாட்டேன். “எனக்கும் குழந்தை இருக்கு, எனக்குப் புரியுது. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கே” என்றார். ரூல் சரியானது. அந்த ரூல் இல்லாமல் செத்தவர்களை எனக்குப் பேர் பேராகத் தெரியும். ஆட்களைக் கீழே இறக்கிவிட்டுத்தான் போனேன், குழந்தையின் உயிர் ஆபத்தில் இருந்தது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கையோடு முடிந்தது. அந்த ஒரு பக்கத்தில் மூன்று போன்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. அதற்கு மெமோ கொடுக்க ரூலும் கிடையாது.

மூன்று வாரம் இது என்னை அரித்தது. வீட்டில் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மனைவி, “உடம்புக்கு முடியலையா?” என்பாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த மெயின்டனன்ஸுக்கு இரண்டு நாள் முன்பு டி பிளாக்குக்குப் போனேன். மூட்டு வலி அன்று நன்றாகவே தெரிந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது. பாஸ்கர் வேலைக்குப் போயிருந்தார். சுமதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுவர் அலமாரியில் பம்ப்பும் ஸ்பேசரும் எடுக்கத் தோதாக வைத்திருந்தாள்.

“வியாழக்கிழமை கரண்ட் இருக்காதும்மா. பேப்பர்ல ரெண்டு மணின்னு போடுவாங்க. நீ நாலுன்னு வெச்சுக்கோ” என்றேன்.

“சரி சார்.”

போய்விடலாம் என்று திரும்பினேன். முடியவில்லை.

“அன்னிக்கு நீ போன் பண்ணப்போ பேசினது நான்தாம்மா.”

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். “தெரியும் சார்” என்றாள்.

“எப்படி?”

“மூணு தபா கேட்ட கொரலாச்சே சார். நீ கதவுல நின்னு, ‘இங்க கரண்ட்டு வராது’ன்னியே, அப்பவே தெரியும்.”

“பாஸ்கருக்கு?”

“அதுக்குத் தெரியாது. சொல்லல.”

“ஆஸ்பத்திரில டாக்டர் ஒன்னத் திட்டினப்பவாவது என்னைக் காட்டியிருக்கலாமேம்மா.”

கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு இன்னொரு துணியைக் கொடியில் விரித்தாள். பிறகு கிளிப்பை எடுத்து மாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இன்னா சார் சொல்றது? நீதான் பொய் சொன்னே, நீதான் தூக்கினு ஓடியாந்தே. எதைச் சொல்றது, எதை வுடறது? ஆனா ஒண்ணு சார். நீ நாலு மணின்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தீன்னா, ஒன்ன நல்லா திட்டிட்டு ரெண்டு மணிக்கே பாப்பாவைத் தூக்கினு கெளம்பிருப்பேன். நான் ஒன்னை நம்பிட்டேன் சார்.”

மன்னித்துவிடு என்று கேட்டேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. மீதித் துணியை எடுத்துக் காயப்போட ஆரம்பித்தாள்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமார்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. எர்த் ராடு போடாமல் கம்பத்தில் ஏறாதீர்கள், அதை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது போனைப் பற்றி. நாலு மணி ஆகும் என்றால் நாலு மணி என்று சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். திட்டுவார்கள். திட்டி முடித்த பிறகு அவர்கள் எழுந்து வேறு வழி பார்ப்பார்கள். நாம் பத்து நிமிஷம் என்று சொன்னால், நம்பி உட்கார்ந்திருப்பார்கள்.